சைக்கிள் ஹெல்மெட் வாங்கப் போறீங்களா? விலையைப் பார்க்கும் முன் இன்ச் டேப்பை எடுங்க!

ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு கோவை ரேஸ் கோர்ஸ் பக்கம் போனால் இரண்டு வகை சைக்கிள் ஹெல்மெட்டுகளைப் பார்க்கலாம். தலையில் இருப்பது ஒன்று, ஹேண்டில் பாரில் தொங்குவது இன்னொன்று. ஏன் தொங்குகிறது என்று கேட்டால் பதில் பெரும்பாலும் மூன்றுக்குள் அடங்கிவிடும். "வேர்க்குதுங்க", "நெத்தியில அழுத்துதுங்க", "ஏத்தம் வந்தா கழட்டிடுவேனுங்க". மூன்றுமே நியாயமான புகார்கள்தான். ஆனால், மூன்றுமே கடையில் நின்ற அந்தப் பத்து நிமிடத்தில் தவிர்த்திருக்கக் கூடியவை.

லாக்டௌனுக்குப் பிறகு கியர் சைக்கிள் வாங்கியவர்கள், வாரக் கடைசியில் சிறுவாணி ரோட்டிலும் ஆனைகட்டிப் பக்கமும் ஓட்டுகிறவர்கள், இப்போது இ-சைக்கிளில் ஆபீஸ் போகிறவர்கள் என்று நம்ம ஊரில் சைக்கிள் ஆட்கள் நிறையப் பேர் ஆகிவிட்டார்கள். சைக்கிள் வாங்க மாதக்கணக்கில் யூடியூப் ரிவ்யூ பார்ப்பார்கள். ஹெல்மெட்? பில் போடும்போது, "அந்தக் கறுப்பு கலரை எடுங்க" என்பதோடு முடிந்துவிடும்.

போலீஸ் பிடிக்க மாட்டாங்க... அதுதான் சிக்கலே!

மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு, மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் ஹெல்மெட் போட வேண்டும் என்கிறது. மிதிவண்டி மோட்டார் வாகனம் கிடையாது. அதனால் அபராதமும் கிடையாது. மோட்டார் திறன் 250 வாட்டுக்குள்ளும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருக்கும் இ-சைக்கிள்களுக்கும் விதிகளில் உள்ள நிபந்தனைகளுக்கு உட்பட்டு இதே விலக்கு உண்டு.

சட்டம் ஒதுங்கிக்கொண்டதில் இன்னொரு பின்விளைவும் இருக்கிறது. பைக் ஹெல்மெட் என்றால், 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ முத்திரை இல்லாமல் விற்கவே கூடாது என்று மத்திய அரசின் தரக்கட்டுப்பாட்டு உத்தரவு இருக்கிறது. அதற்கான தர எண் ஐ.எஸ். 4151. அந்த உத்தரவு மோட்டார் வாகனங்களுக்கானது. சைக்கிள் ஹெல்மெட் அதில் வராது. ஆக, வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் ஸ்பாஞ்ச் ஒட்டி, நாலு ஓட்டை போட்டு, 'சைக்கிள் ஹெல்மெட்' என்று ஆன்லைனில் விற்றாலும் வாங்குகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதேபோல, சைக்கிள் ஹெல்மெட் ஒன்றில் ஐ.எஸ். 4151 ஸ்டிக்கரைப் பார்த்தால், அதை நம்பி வாங்காதீங்க. அது பைக் ஹெல்மெட்டுக்கான எண். வேறெங்கேயோ இருந்து வந்து ஒட்டிக்கொண்ட ஸ்டிக்கராகத்தான் இருக்கும்.

உயிரைக் காப்பது தெர்மாகோல்

ஹெல்மெட்டைக் கையில் எடுத்ததும் எல்லோரும் வெளி ஓட்டைத் தட்டிப் பார்ப்போம். 'கெட்டியா இருக்கா'ன்னு. உண்மையில் வேலை செய்வது உள்ளே இருக்கும் நுரை. டிவி பெட்டிக்குள் வருகிற தெர்மாகோலின் உறவுக்காரன்தான் இது. அதைவிட அடர்த்தியாக வார்த்திருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கிரிக்கெட்டில் வேகமாக வரும் பந்தைப் பிடிக்கும்போது கையைச் சற்றே பின்னால் இழுப்பீங்க இல்லையா? பந்து நிற்க எடுத்துக்கொள்ளும் நேரம் கொஞ்சம் கூடுவதால் கை வலிக்காது. அந்த நுரை செய்வதும் அதே வேலை. தலை தரையில் மோதும்போது நுரை நசுங்குகிறது. நசுங்கும் அந்தச் சில மில்லிமீட்டர்களில், சில ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிகளில், தலையின் வேகம் குறைகிறது. நுரை இல்லாவிட்டால் அத்தனை வேகமும் மண்டை ஓட்டிலேயே நிற்கும். வெளி ஓடு நுரை சிதறாமல் பிடித்துக்கொள்ளவும், தார் ரோட்டில் தலை சிக்காமல் வழுக்கிப் போகவும்தான்.

இது எவ்வளவு தாங்கும்? ஐரோப்பியத் தரமான இ.என். 1078 சோதனையில், ஹெல்மெட் மாட்டிய தலை மாதிரியை விநாடிக்குச் சுமார் 5.4 மீட்டர் வேகத்தில் தட்டையான இரும்பில் மோத விடுகிறார்கள். ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற வேகம் அது. அமெரிக்காவின் சி.பி.எஸ்.சி. தரத்தில் இது 2 மீட்டர் உயரம், விநாடிக்கு 6.2 மீட்டர். மோதும்போது உள்ளே இருக்கும் தலை உணரும் அதிர்ச்சி, ஐரோப்பியக் கணக்கில் புவியீர்ப்பைப் போல 250 மடங்கையும், அமெரிக்கக் கணக்கில் 300 மடங்கையும் தாண்டக் கூடாது.

அந்த உயரத்தைக் கவனிங்க. ஒன்றரை மீட்டர், இரண்டு மீட்டர். சைக்கிள் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் தலை இருக்கிற உயரம் கிட்டத்தட்ட அதுதான். பெயின்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கர், திடீரென்று குறுக்கே வரும் நாய், தார் ரோட்டின் ஓரம் மண்ணில் இறங்கும் அந்த அரை அடிப் பள்ளம்... இவற்றால் சீட்டிலிருந்து விழுந்து தலை தரையில் அடிப்பதற்காகவே இதை வடிவமைத்திருக்கிறார்கள். தலை தரையைத் தொடும் வேகத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது விழும் உயரம். அதனால் 20 கிலோமீட்டர் வேகத்தில் மெதுவாகப் போகிறவருக்கும் இது தேவைப்படுகிறது. வால்பாறையிலிருந்து ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவுகளில் 50 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கி, தடுப்புச் சுவரில் நேராக மோதினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஸ்டிக்கர் எந்த உறுதியும் தரவில்லை. இறக்கத்தில் பிரேக்தான் முதல் ஹெல்மெட்.

"அப்போ பிரயோஜனமே இல்லையா?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஜேக் ஒலிவியர், ப்ரூடென்ஸ் க்ரைட்டன் இருவரும் 40 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். காயமடைந்த 64,000-க்கும் மேற்பட்ட சைக்கிள் ஓட்டிகளின் தகவல்கள் அவை. ஹெல்மெட் போட்டிருந்தவர்களுக்குத் தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு 51 சதவிகிதமும், கடுமையான தலைக்காயத்துக்கான வாய்ப்பு 69 சதவிகிதமும் குறைவாக இருந்தன. 'ஹெல்மெட் போட்டா கழுத்து ஒடிஞ்சிரும்' என்று நம்ம ஊரில் சொல்வார்களே, அதற்கு அந்த ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை.

ஸ்டிக்கரில் என்ன தேடணும்?

ஹெல்மெட்டைத் திருப்பிப் பிடித்து உள்பக்கம் பாருங்க. இ, என் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளோடு 1078 என்ற எண் இருக்க வேண்டும். அல்லது சி.பி.எஸ்.சி. என்ற நான்கு எழுத்துகள். ஆஸ்திரேலியத் தரமென்றால் 2063 என்ற எண். இவற்றில் ஒன்றாவது இருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். இல்லையென்றால், எவ்வளவு ஸ்டைலாக இருந்தாலும் கீழே வைத்துவிடலாம். தயாரித்த மாதமும் வருடமும் பக்கத்திலேயே இருக்கும். நாலைந்து வருடம் கடையில் தூசி பிடித்துக் கிடந்ததைத் தள்ளுபடியில் கொடுத்தால் யோசியுங்க.

ஸ்டிக்கர் உள்ள ஹெல்மெட்டுகள் ஆயிரம் ரூபாய்க்குச் சற்று முன்னே பின்னே இருந்தே கிடைக்கின்றன. பத்தாயிரத்தைத் தாண்டியும் போகும். காசு கூடக் கூட எடை குறையும், காற்றுத் துளைகள் கூடும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஆயிரம் ரூபாய் ஹெல்மெட்டும் பத்தாயிரம் ரூபாய் ஹெல்மெட்டும் பாஸ் ஆகியிருப்பது ஒரே பரீட்சையில். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2018 முதல் சைக்கிள் ஹெல்மெட்டுகளைச் சோதித்து நட்சத்திர மதிப்பீடு கொடுத்து வருகிறது. அந்தப் பட்டியலை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். விலை குறைந்தவை சில மேலேயும், விலை கூடியவை சில கீழேயும் இருப்பதை நீங்களே கவனிப்பீங்க.

கொஞ்சம் கூடுதல் பட்ஜெட் இருந்தால் 'மிப்ஸ்' பற்றி விசாரிக்கலாம். ஸ்வீடனில் உருவான தொழில்நுட்பம் இது. நுரைக்கும் தலைக்கும் நடுவே ஒரு மெல்லிய ஏடு இருக்கும். பல மாடல்களில் மஞ்சள் நிறத்தில் தெரியும். நிஜத்தில் யாரும் நேர்செங்குத்தாக விழுவதில்லை, சாய்வாகத்தான் விழுவோம். அப்போது தலை சட்டென்று சுழலும். அந்தச் சுழற்சி மூளைக்கு ஆபத்து. இந்த ஏடு பத்துப் பதினைந்து மில்லிமீட்டர் நகர்ந்து அந்தச் சுழற்சியைக் கொஞ்சம் குறைக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால், தலைக்குப் பொருந்தாத மிப்ஸைவிட, பொருந்துகிற சாதா ஹெல்மெட்டுக்கே என் ஓட்டு.

தலையை அளக்காமல் வாங்காதீங்க

திருப்பூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இன்ச் டேப்புக்குப் பஞ்சமா என்ன? புருவத்துக்கு ஒரு விரல் மேலே, காதுக்கு மேலே, பின்மண்டையின் துருத்திய பகுதி வழியாகச் சுற்றி, சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்க. பெரும்பாலான பெரியவர்களுக்கு 54 முதல் 60-க்குள் வரும். 'மீடியம்' என்ற சொல்லை நம்ப வேண்டாம். ஒரு கம்பெனியின் மீடியம் 55-ல் ஆரம்பிக்கும், இன்னொன்றுடையது 52-ல் ஆரம்பிக்கும். பெட்டியில் போட்டிருக்கும் சென்டிமீட்டர் கணக்குதான் உண்மை.

அளவு சரியாக இருந்தும் நெற்றியில் அழுத்துகிறது, ஆனால் காதுக்கு மேலே இடைவெளி இருக்கிறது என்றால் பிரச்னை அளவில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது. உங்கள் தலை நீள்வட்டம், ஹெல்மெட் வட்டம். பொட்டுப் பக்கம் இரண்டு புறமும் நெருக்கினால் நிலைமை தலைகீழ். ஆசியர்களின் தலை சராசரியாகச் சற்று வட்டமானது என்று சில கம்பெனிகள் 'ஏசியன் ஃபிட்' என்று தனியாகவே செய்கின்றன. பெரிய சைஸ் எடுத்து இதைச் சரிசெய்ய முடியாது. வேறு மாடல்தான் பார்க்க வேண்டும். அதனால்தான் முதல் ஹெல்மெட்டைக் கடைக்குப் போய் வாங்குங்க என்கிறேன். போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் அங்கேயே நில்லுங்க. கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். ஐந்து நிமிடத்தில் அழுத்துவது பொள்ளாச்சி போய்ச் சேர்வதற்குள் தலைவலியாகிவிடும்.

போடும் முறைக்கு வருவோம். ஹெல்மெட்டின் முன் விளிம்புக்கும் புருவத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. அதற்கு மேல் நெற்றி தெரியக் கூடாது. தொப்பியைப் போலப் பின்னால் சாய்த்துப் போடுகிறவர்கள்தான் நம்ம ஊரில் அதிகம். குப்புற விழுந்தால் நெற்றி வெறுமையாகத்தானே இருக்கும்? பக்கவாட்டு ஸ்ட்ராப்புகள் இரண்டும் காது மடலுக்குக் கீழே ஆங்கில 'வி' எழுத்தைப் போலச் சேர வேண்டும். தாடைக்குக் கீழே லாக் போட்ட பிறகு ஒரு விரல் நுழைய வேண்டும், இரண்டு நுழையக் கூடாது. வாயைப் பெரிதாகத் திறந்து கொட்டாவி விட்டுப் பாருங்க. ஹெல்மெட் மெல்லக் கீழே இழுபட்டால் சரி.

கடைசி சோதனை, லாக் போடாமல், பின்னால் இருக்கும் டயலை மட்டும் திருகிக்கொண்டு குனிந்து தலையை ஆட்டுவது. விழாமல் நின்றால் அளவு பொருந்துகிறது. அதற்காக டயல்தான் பிடிக்கிறதே என்று லாக்கை விட்டுவிடாதீங்க. விழும்போது உங்கள் தலை தரைக்குப் போவதற்கு முன் அந்த ஹெல்மெட் போய்விடும்.

முடி விஷயம். இரட்டைச் சடைக்கும் கழுத்தோரம் தாழ்வாகப் போடும் பின்னலுக்கும் பிரச்னை இல்லை. உயர்த்திப் போட்ட கொண்டை மேல் ஹெல்மெட் உட்காராது. டயலுக்கு மேலே குதிரைவால் வெளியே வர இடம் விட்ட மாடல்கள் இருக்கின்றன. கடையில் போட்டுப் பார்க்கப் போகும்போது, சைக்கிள் ஓட்டும் நாளில் எப்படித் தலை பின்னுவீங்களோ அப்படியே போங்க.

வேர்வையும் ஆடிக் காத்தும்

2003 மார்ச்சில் பாரிஸ்-நீஸ் போட்டியில் கஜகஸ்தான் வீரர் ஆந்த்ரேய் கிவிலெவ் விழுந்து, தலையில் அடிபட்டு இறந்துபோனார். ஹெல்மெட் போடவில்லை. அதன் பிறகே உலக சைக்கிள் சம்மேளனம் தொழில்முறைப் போட்டிகளில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. அப்போதும்கூட, மலை உச்சியில் முடியும் போட்டிகளில் கடைசி ஏற்றத்தில் கழற்றிக்கொள்ளலாம் என்று முதலில் சலுகை கொடுத்தார்கள். காரணம், வேர்வை! உலகச் சாம்பியன்களுக்கே அப்படியென்றால், ஏப்ரல் மாத வெயிலில் மருதமலை ஏற்றம் மிதிக்கிறவர் கழற்றி மாட்டுவதில் ஆச்சர்யம் இல்லை.

அதற்குத் தீர்வு காற்றுத் துளைகள். எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீங்க. முன்னால் நுழையும் காற்று பின்னால் வெளியேற உள்ளே நீளவாக்கில் வாய்க்கால் போலப் பள்ளம் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்க. முன்பக்கம் பெரிய துளைகள் இருந்து, பின்பக்கம் மூடியிருந்தால் காற்று உள்ளேயே சுற்றும். எடை 300 கிராமுக்குள் இருந்தால் கழுத்து நன்றி சொல்லும். பைக் ஹெல்மெட்டை சைக்கிளுக்குப் போட்டுக்கொண்டு போகிறவர்களும் உண்டு. கையில் அதுதான் இருக்கிறதென்றால் வெறும் தலைக்கு அது எவ்வளவோ மேல். ஆனால் அந்த எடையும் புழுக்கமும் மிதிக்கிற உடம்புக்கு ஒத்துவராது. ஹாரன் சத்தமும் சரியாகக் கேட்காது. சைக்கிள் ஹெல்மெட்டோடு ஸ்கூட்டி ஓட்டுவதோ கூடவே கூடாது. அந்த வேகத்துக்கு இது செய்யப்படவில்லை, சட்டமும் ஒத்துக்கொள்ளாது.

கோவைக்கென்றே இன்னொன்று இருக்கிறது, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை அது அடிக்கிற அடியில் பெரிய வைஸர் வைத்த மலை சைக்கிள் ஹெல்மெட்டுகள் தலையைப் பின்னுக்கு இழுக்கும். சாலையில் மட்டும் ஓட்டுகிறவருக்கு வைஸர் தேவையில்லை. நீலகிரிப் பக்கம் மண் பாதைகளில் ஓட்டப் போகிறவர், பின்மண்டையைத் தாழ மூடும் மலை சைக்கிள் மாடலை எடுக்கலாம். ஏரோ மாடல் எல்லாம் ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு. கலர் உங்கள் இஷ்டம். என்னைக் கேட்டால் வெள்ளையோ, பளிச் மஞ்சளோ. விடிகாலையில் தேங்காய் லாரி ஓட்டி வருகிறவர் கண்ணுக்குக் கறுப்பு ஹெல்மெட் தெரியாது.

உள்ளே இருக்கும் பேடுகளைக் கழற்றி வாரம் ஒருமுறை சாதாரண சோப்புத் தண்ணீரில் அலசுங்க. தேங்காய் எண்ணெயும் வேர்வையும் சேர்ந்து வருகிற வாடைதான் பல ஹெல்மெட்டுகளைப் பரணுக்கு அனுப்புகிறது. பெட்ரோல், தின்னர் போட்டுத் துடைத்தால் ஓடும் நுரையும் கெட்டுவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் போட்டு வைக்காதீங்க.

பிளஸ் ஒன் சைக்கிளுக்கும் தலை ஒண்ணுதான்

இருபது வருடங்களுக்கும் மேலாக நடந்து வரும் திட்டம் விலையில்லா மிதிவண்டி. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் கொடுக்கிறது. அதோடு ஹெல்மெட் வருவதில்லை. ரேஸ் கோர்ஸில் கார்பன் சைக்கிளில் ஹெல்மெட் போட்டு ஓட்டுகிறவர் ஞாயிற்றுக்கிழமை, வண்டி இல்லாத ரோட்டில் ஓட்டுகிறார். அந்தப் பிள்ளை திங்கள் முதல் வெள்ளி வரை, காலை எட்டே முக்காலுக்கு, மில் பஸ்ஸும் டிப்பரும் ஓடுகிற ரோட்டில் வெறும் தலையோடு ஓட்டுகிறது. இந்தக் கட்டுரையை செல்போனில் படிக்கிற உங்கள் வீட்டிலேயே அப்படி ஒரு தம்பியோ தங்கச்சியோ இருக்கலாம். அடுத்த பொறந்தநாளுக்கு அந்த ஆயிரம் ரூபாயை இயர்பட்ஸுக்குப் பதில் இதில் போடலாம். கூட்டிக்கொண்டு போய், அவர்கள் கையாலேயே கலரைத் தேர்ந்தெடுக்க விடுங்க. கிண்டலுக்குப் பயந்து ஸ்கூல் திருப்பத்தில் கழற்றி பைக்குள் போட்டுக்கொள்வது அப்போதுதான் குறையும்.

சின்னக் குழந்தைகளுக்கு, 'வளர்ந்தாலும் ஆகும்' என்று யூனிஃபார்ம் கணக்கில் பெரிய சைஸ் எடுக்காதீங்க. இன்றைக்கு ஆடுகிற ஹெல்மெட் இன்றைக்குக் காப்பாற்றாது. சைக்கிளை விட்டு இறங்கி சறுக்குமரம், ஊஞ்சல் பக்கம் ஓடும்போது ஹெல்மெட்டைக் கழற்றிவிடச் சொல்லுங்க. கம்பிகளுக்கு நடுவே ஹெல்மெட் சிக்கி, ஸ்ட்ராப் கழுத்தை இறுக்கும் ஆபத்து இருக்கிறது. இதற்காகவே இழுத்தால் தானே திறக்கும் லாக் உள்ள குழந்தைகள் ஹெல்மெட்டுக்கு ஐரோப்பாவில் இ.என். 1080 என்று தனித் தரமே வைத்திருக்கிறார்கள்.

விழுந்த பிறகு?

தலை தரையில் பட்டு விழுந்திருந்தால் அந்த ஹெல்மெட்டின் கதை முடிந்தது. வெளியே கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். உள்ளே நசுங்கிய நுரை பழையபடி எழும்பி வராது. அதே இடத்தில் இரண்டாவது அடி விழுந்தால் தாங்க அங்கே ஒன்றும் இருக்காது. செகண்ட் ஹேண்ட் ஹெல்மெட் வாங்க வேண்டாம் என்பதும் இதனால்தான். எத்தனை முறை விழுந்தது என்று விற்கிறவர் சொல்லப்போவதில்லை. விழாமலே இருந்தாலும், 5 முதல் 10 வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது சி.பி.எஸ்.சி. நம்ம வெயிலுக்கும் வேர்வைக்கும் 5 வருடம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

விழுந்தவருக்கு வாந்தி, குழப்பம், தூக்கக் கலக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்க. "ஹெல்மெட் போட்டிருந்தேன், ஒண்ணும் ஆகலை" என்று மறுபடி சைக்கிள் ஏற விடாதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஹெல்மெட்டையும் எடுத்துப் போனால், அடி எங்கே, எவ்வளவு பலமாக விழுந்தது என்று டாக்டருக்கு ஒரு அந்தாஸ் கிடைக்கும்.

பழைய ஹெல்மெட்டைக் குப்பையில் போடும்போது ஸ்ட்ராப்பைக் கத்தரித்துவிட்டுப் போடுங்க. நல்லாத்தானே இருக்கு என்று வேறு யாராவது எடுத்து, பிள்ளை தலையில் மாட்டிவிடக் கூடும்.